நண்பன் என்ற உரிமையில்

1769-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பெர்லினில் வாழ்ந்த மோசஸ் மெண்டெல்சோனுக்கு ஒரு புத்தகம் வந்து சேர்ந்தது. ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை ஆராய்ச்சியாளர் சார்ல் போனே பிரெஞ்சில் எழுதிய நூல் அது. அதில் கிறிஸ்தவத்தின் உண்மையை நிறுவ முயலும் பகுதிகளை எடுத்து ஜெர்மனில் பெயர்த்திருந்தார் யோஹான் காஸ்பர் லாவாட்டர் என்ற ஸூரிச் நகரத்து இளம் போதகர். பெயர்ப்பை மெண்டெல்சோனுக்கே காணிக்கையும் ஆக்கியிருந்தார். காணிக்கையுரையில் வரிக்கு வரி அன்பும் மரியாதையும். அதன் முடிவில் ஒரு வேண்டுகோள் இருந்தது. இந்த வாதங்கள் பிழை என்று தோன்றினால் ஊரறிய மறுத்து எழுதுங்கள்; சரி என்று தோன்றினால், சாக்ரட்டீஸ் இதைப் படித்திருந்தால் என்ன செய்திருப்பாரோ அதையே நீங்களும் செய்யுங்கள். ஞானஸ்நானம் பெறுங்கள் என்பதுதான் இதன் பொருள்.

மெண்டெல்சோன் யூதர், சடங்கு வழுவாமல் வாழ்ந்தவர். டெஸ்ஸாவ் ஊரில் 1729-இல் பிறந்து, பதினான்கு வயதில் பெர்லினுக்கு வந்து, பட்டு வணிகர் ஒருவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, பிறகு அவருடைய நிறுவனத்தில் கணக்கெழுதி, கடைசியில் அதையே நிர்வகிக்கும் நிலைக்கு உயர்ந்தவர். பகலில் பட்டு, இரவில் தத்துவம். 1763-இல் ப்ரஷ்ய அறிவியல் கழகம் நடத்திய கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு அவருக்கு. அதே போட்டியில் கலந்துகொண்ட இம்மானுவேல் கான்ட் அவருக்கு அடுத்த இடத்தில் வந்தார். ஆன்மாவின் அழியாமை பற்றி 1767-இல் அவர் எழுதிய ‘ஃபீடோன்’ ஐரோப்பா முழுவதும் படிக்கப்பட்டது. ஜெர்மானிய சாக்ரட்டீஸ் என்ற பட்டம் அப்போது வந்தது. லாவாட்டர் சாக்ரட்டீஸை இழுத்தது அந்தப் பட்டத்தை நினைவில் வைத்துத்தான்.

மத உரையாடலில் புண்படுத்துவது என்றவுடன் நம் மனதில் வருவது ஏச்சும் கேலியும்தான். அவற்றை அடையாளம் காண்பது எளிது. அப்படிப் பேசுபவரோடு உறவை முறித்துக்கொள்வதும் எளிது. லாவாட்டர் விவகாரத்தில் ஏச்சு ஒரு சொல்கூட இல்லை. எழுதியவர் உண்மையாகவே நேசித்தார். பெற்றவர் உண்மையாகவே காயப்பட்டார். இரண்டும் ஒரே காகிதத்தில் நடந்தன. நண்பர்களுக்கிடையே மதப் பேச்சு எங்கே சறுக்குகிறது என்று யோசிக்கிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான ஓர் எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இரு தரப்பின் கடிதங்களும் அச்சேறியிருப்பதால் யார் என்ன நினைத்தார்கள் என்பதை ஊகிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கதை தொடங்கியது 1763-இல். சொந்த ஊரில் ஓர் அதிகாரியின் அநியாயத்தை அம்பலப்படுத்திவிட்டுச் சிறிது காலம் வெளியூரில் இருக்க நேர்ந்த மூன்று ஸூரிச் இளைஞர்கள் வடக்கே பயணம் போனார்கள். அவர்களில் ஒருவர் லாவாட்டர். மற்றொருவர் பின்னாளில் இங்கிலாந்தில் ஓவியராகப் புகழ்பெற்ற ஃபியூஸ்லி. வழியில் பெர்லினில் மெண்டெல்சோனைப் பார்க்கப் போனார்கள். பட்டுச் சரக்குகளுக்கு நடுவே வேலையில் இருந்த அந்தச் சிறிய, முதுகு வளைந்த மனிதரின் கண்களிலும் பேச்சிலும் லாவாட்டர் மயங்கிவிட்டார். அடுத்த ஆண்டு திரும்பும் வழியிலும் சந்திப்பு நடந்தது. பேச்சு இயேசுவை நோக்கிப் போயிற்று. மெண்டெல்சோன் தயங்கினார். இங்கே பேசுவது வெளியே போகாது என்று வந்தவர்கள் பலமுறை உறுதி சொன்னபிறகே வாய் திறந்தார். இயேசு தம்மைக் கடவுள் என்று சொல்லிக்கொண்டிருக்காவிட்டால், அவருடைய ஒழுக்கத்தைத் தாம் மதிப்பதாகச் சொன்னார். நிபந்தனையோடு கூடிய மரியாதை அது.

ஐந்தாறு ஆண்டு கழித்து அச்சில் வந்தபோது நிபந்தனை மங்கிப்போய் மரியாதை மட்டும் மின்னியது. அந்த அறையில் அவர் காட்டிய மரியாதையைத் தம்மால் மறக்கவே முடியவில்லை என்று லாவாட்டர் எழுதினார். அவர் பொய் சொல்லவில்லை. தமக்கு எது மிக இனித்ததோ அதை மட்டும் அவருடைய நினைவு வைத்துக்கொண்டது. நண்பனின் வாயிலிருந்து வந்த அரைச் சம்மதத்தை ஐந்தாறு ஆண்டு மனதில் வைத்து வளர்த்தால் அது முழுச் சம்மதத்தின் வாசலாகத் தோன்றத்தான் செய்யும்.

இதை மெண்டெல்சோனின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். ப்ரஷ்யாவில் யூதர்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்து யாருக்கு எவ்வளவு உரிமை என்று வரையறுக்கும் சட்டம் 1750-இல் வந்திருந்தது. ‘பாதுகாக்கப்பட்ட யூதர்’ என்ற தகுதி மெண்டெல்சோனுக்குக் கிடைத்ததே 1763 அக்டோபரில், ஒரு பிரெஞ்சுப் பிரபு மன்னரிடம் பரிந்து பேசிய பிறகு. அதுவும் அவருக்கு மட்டும், பிள்ளைகளுக்குப் போகாது. இரண்டாம் பிரெடெரிக் மன்னரின் ஆட்சியில் கருத்துச் சுதந்திரம் இருந்தது என்று புத்தகங்களில் படிக்கிறோம். அந்தச் சுதந்திரம் யாருக்கு எவ்வளவு நீண்டது என்பதைப் புத்தகங்கள் எப்போதும் சொல்வதில்லை. அறிவியல் கழகம் 1771-இல் மெண்டெல்சோனை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. மன்னர் ஒப்புதல் தரவில்லை.

இந்த மனிதரிடம்தான் ‘மறுத்து எழுதுங்கள்’ என்று கேட்கப்பட்டது. மறுத்து எழுதினால், நாட்டை ஆளும் மதம் பொய் என்று ஒரு யூதர் அச்சில் சொன்னதாக ஆகும். அதன் விளைவு அவரோடு நிற்காமல் பெர்லினில் உள்ள எல்லா யூதக் குடும்பங்களின் தலையிலும் விழும். பேசாமல் இருந்தால் வாதத்துக்குப் பதில் இல்லை என்று ஊர் சொல்லும். ஒப்புக்கொள்வது நடக்காத காரியம். தாம் நீட்டியது கேள்வி என்று லாவாட்டருக்குத் தோன்றியது. எந்தப் பதிலும் ஆபத்தாகிவிட்ட இடத்தில் அதைக் கேள்வி என்று எப்படிச் சொல்வது? ஸூரிச்சில் உட்கார்ந்து எழுதியவருக்கு எந்தப் பதிலாலும் எந்த இழப்பும் வரப்போவதில்லை. அவர் தோற்றால் ஒரு விவாதத்தில் தோற்பார், அவ்வளவுதான்.

நண்பர்களின் மதப் பேச்சில் தெரியாமல் நேரும் காயத்தின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. சொன்ன கருத்தின் கடுமையைவிட, பதில் சொல்லும் வசதி இருவருக்கும் ஒன்றுபோல் இருந்ததா என்பதே காயத்தின் ஆழத்தைத் தீர்மானிக்கிறது. வசதி உள்ளவருக்கு இது கண்ணில் படாது. தம்மைப்போலவே நண்பரும் மனம்விட்டுப் பேசலாமே என்று அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையும் நட்பிலிருந்தே வருகிறது.

மெண்டெல்சோனின் பதில் 1769 டிசம்பர் 12 என்று தேதியிட்ட திறந்த கடிதம். வெளியிடுவதற்கு முன் பெர்லின் திருச்சபை நிர்வாகத்திடம், இதை யாரிடம் தணிக்கைக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டார். அவருடைய நிதானத்தை நம்புவதால் தணிக்கை தேவையில்லை என்று பதில் வந்தது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் விதமாகவே கடிதம் எழுதப்பட்டிருக்கிறது. போனேயின் வாதங்களை அவர் தொடவே இல்லை. தம் மதத்தைத் தாம் இளமையிலிருந்தே ஆராய்ந்து வந்ததாகவும், அதில் நிலைத்திருப்பதால் உலகியலில் எந்த லாபமும் இல்லாத தமக்கு அதில் உறுதி இல்லாமல் இருந்தால் விட்டுவிட என்ன தடை என்றும் கேட்டார். யூத சமயம் பிறரை மாற்றத் தேடிப் போவதில்லை என்று விளக்கினார். தம் காலத்தில் ஒரு கன்பூசியஸோ சோலனோ வாழ்ந்தால் அவரை நேசிக்கவும் வியக்கவும் தம்மால் முடியும், அவரை மாற்றவேண்டும் என்ற எண்ணம் ஏன் வரவேண்டும் என்றார். உறுதிமொழி மீறப்பட்டதையும் சொன்னார்.

அக்கடிதத்தில் ஓரிடம் மட்டும் படிப்பவரை நிறுத்திவிடும். லாவாட்டரின் சொந்த ஊர்ச் சட்டப்படி, விருத்தசேதனம் செய்துகொண்ட அவருடைய நண்பர் ஸூரிச்சுக்கு வந்து அவரைப் பார்க்கக்கூட அனுமதி இல்லையே என்று மெண்டெல்சோன் போகிற போக்கில் குறிப்பிடுகிறார். குரல் உயர்த்தவில்லை. ஆனால் லாவாட்டர் ஆறாண்டாகக் கவனிக்காத ஒன்று அதில் வெளிப்பட்டுவிட்டது. இரண்டு முறையும் லாவாட்டர்தான் மெண்டெல்சோனைத் தேடிப் போனார். எதிர்ப்பயணம் ஏன் நடக்கவில்லை என்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. நண்பனுடைய ஆன்மா எங்கே போய்ச் சேரும் என்று அவ்வளவு கவலைப்பட்டவர், நண்பனுடைய கால்கள் தம் ஊருக்குள் வரமுடியாது என்பதைக் கவலைப்படும் விஷயமாக எண்ணவில்லை.

லாவாட்டர் அடுத்த பிப்ரவரியில் பதில் எழுதினார். காணிக்கையுரையின் முறை தவறு என்று வருந்தினார், கட்டாயப்படுத்தும் கோரிக்கையைத் திரும்பப் பெற்றார். மூல ஆசிரியர் போனேவுக்கே இந்தச் செயல் பிடிக்கவில்லை. ஆனால் அச்சில் வந்தது வந்ததுதான். வேறு பலர் புகுந்தார்கள். ஃபிராங்க்ஃபர்ட் வழக்கறிஞர் ஒருவர் மெண்டெல்சோனைத் தாக்கி எழுதிய தரக்குறைவான ஏடுகள் வந்தன. 1771-இல் மெண்டெல்சோன் நரம்பு நோயில் விழுந்தார். படிப்பும் சிந்தனையும் கூடாது என்று மருத்துவர்கள் விலக்கினார்கள். பல ஆண்டுகள் அப்படியே போயின. அந்த நோய்க்கு இந்த விவகாரம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவரைச் சுற்றியிருந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே பார்த்தார்கள்.

அதன்பிறகு நடந்தது இதைவிட முக்கியம். சுவிட்சர்லாந்தில் யூதர்கள் நிலையாகக் குடியிருக்க விடப்பட்டது எண்டிங்கன், லெங்னாவ் என்ற இரண்டு கிராமங்களில்தான். 1775-இல் அவர்கள்மேல் புதிய கட்டுப்பாடுகள் வரவிருந்தன. மெண்டெல்சோன் பேனாவை எடுத்து லாவாட்டருக்கு எழுதினார்: உங்கள் செல்வாக்கைப் பயன்படுத்துங்கள். லாவாட்டர் உடனே செயல்பட்டார், பலனும் கிடைத்தது. காணிக்கையுரையால் விளைந்த காயத்துக்கு லாவாட்டர் எழுதிய மன்னிப்பை நான் நம்புவதைவிட இந்த ஒரு செயலை நம்புகிறேன். நண்பனின் நம்பிக்கையை மாற்றும் ஆசையை அவர் கடைசிவரை விடவில்லைதான். ஆனாலும் ஒருமுறை, தமக்கு இருந்த செல்வாக்கை, அது நண்பனுக்கு இல்லாத இடத்தில் கொண்டுபோய் வைத்தார்.

பின்னாளில் லாவாட்டர் மெண்டெல்சோனைச் சந்தித்ததை ஓவியர் மோரிட்ஸ் டேனியல் ஓப்பன்ஹைம் 1856-இல் வரைந்தார். மேசையில் சதுரங்கப் பலகை. மெண்டெல்சோனை நோக்கிச் சாய்ந்து பேசுகிறார் லாவாட்டர். பின்னால் நின்றபடி கவனிக்கிறார் நாடகாசிரியர் லெஸ்ஸிங். ஒரு பெண் தட்டோடு உள்ளே வருகிறாள். உண்மையில் அந்த மூவரும் அப்படி ஓர் அறையில் கூடியதில்லை. லெஸ்ஸிங் அந்தச் சமயத்தில் பெர்லினிலேயே இல்லை. ஓவியர் அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியதற்குக் காரணம் இருக்க வேண்டும். லெஸ்ஸிங்கும் கிறிஸ்தவக் குடும்பத்தவர், போதகரின் மகன். 1754-இல் சதுரங்கம் வழியாக மெண்டெல்சோனின் நண்பரானவர். சாகும்வரை அந்த நட்பு விரிசல் விடவில்லை. ஒரே மனிதருக்கு இரண்டு கிறிஸ்தவ நண்பர்கள். ஒருவரிடம் மதம் பேச அச்சம், இன்னொருவரிடம் எதையும் பேசலாம். வேறுபாட்டை அந்தப் படம் ஒரே அறைக்குள் காட்டிவிடுகிறது.

லெஸ்ஸிங் 1779-இல் எழுதிய ‘ஞானி நாதன்’ நாடகத்தின் நாயகனிடம் மெண்டெல்சோனின் சாயல் உண்டு. அதில் ஒரு காட்சி. தன் குடும்பத்தையே கிறிஸ்தவர்கள் கொன்றபிறகும் நாதன் ஒரு கிறிஸ்தவக் குழந்தையை எடுத்து வளர்த்தான் என்று அறிந்த துறவி நெகிழ்ந்துபோய், இவனைவிட நல்ல கிறிஸ்தவன் இருக்க முடியாது என்று புகழ்கிறார். நாதன் அந்தப் புகழைத் துறவியிடமே திருப்பிக் கொடுக்கிறான்: எது உங்கள் கண்ணில் என்னைக் கிறிஸ்தவனாக்குகிறதோ, அதுவே என் கண்ணில் உங்களை யூதராக்குகிறது என்கிற பொருளில். நண்பர்களின் மதப் பேச்சில் அதிகம் காயப்படுத்துவது புகழ்ச்சி என்பதை லெஸ்ஸிங் புரிந்துவைத்திருந்தார். நண்பனிடம் உள்ள நல்லதை எடுத்து நம் மதத்தின் கணக்கில் வரவு வைத்தால், அவனுடைய மதத்தின் கணக்கில் மிஞ்சுவது என்ன?

தமிழில் இதற்கு எதிரான ஒரு வழக்கம் இருந்தது. திருவாவடுதுறை ஆதீனத்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலங்கள்தோறும் சைவப் புராணங்கள் பாடியவர். அவருடைய நண்பர் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, கத்தோலிக்கர். அந்தக் கத்தோலிக்க நண்பரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து மகாவித்துவான் பாடிய நூல்தான் ‘குளத்தூர்க் கோவை’. வேதநாயகம் பிள்ளை ‘தேவமாதா அந்தாதி’ பாடியவர். நண்பருடைய கோவையைப் பெற்றதற்காக அந்த அந்தாதியிலிருந்து ஓரடியும் அவர் நகரவேண்டியிருக்கவில்லை. அவரும் மகாவித்துவானைப் போற்றிச் செய்யுள் பாடினார். மகாவித்துவானிடம் பாடம் கேட்ட மாணவர்களில் சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவரும் உண்டு. ஆசிரியரின் கடைசிக் காலத்தில் அவர் உடனிருந்து பணிசெய்ததை உ.வே.சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். மகாவித்துவானுக்கும் வேதநாயகம் பிள்ளைக்கும் இருந்த நட்பை மத நல்லிணக்கத்தின் சான்றாக மேடைகளில் சொல்வது வழக்கம். சொல்லலாம். ஆனால் இரு பிள்ளைகளும் வேளாளர். தமிழ்ப் புலமையும் சமூக நிலையும் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்று. அவர்களில் யாரும் மற்றவரின் தயவில் ஊரில் வாழவில்லை. சமமான தரையில் நின்றதால் புகழ்ச்சி புகழ்ச்சியாகவே போய்ச் சேர்ந்தது. அதே ஊரில் சேரியிலிருந்து கிறிஸ்தவரான ஒருவரோடு இப்படி ஒரு கோவை பிறந்திருக்குமா என்ற கேள்வியையும் விட்டுவிடக் கூடாது.

நண்பரிடம் நாம் கவனமாகத்தானே பேசுவோம், அந்நியரிடம்தானே தவறு நேரும் என்று தோன்றும். உளவியல் ஆய்வு இதைத் தலைகீழாகக் காட்டுகிறது. கென்னத் சாவிட்ஸ்கி, போவாஸ் கெய்சர், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் சகாக்களோடு 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் ஓர் எளிய சோதனை உண்டு. இருவருக்கும் நடுவே கட்டம் கட்டமான அலமாரி. சில கட்டங்கள் இருபுறமும் திறந்தவை. சில கட்டங்களில் உள்ளதை ஒருவர் மட்டுமே பார்க்க முடியும். எதிரே இருப்பவர் ஒரு பொருளை நகர்த்தச் சொல்வார். அவருக்குத் தெரியாத பொருளை அவர் கேட்டிருக்க முடியாது என்பதை நினைவில் வைத்து இந்தப் பக்கம் இருப்பவர் எடுக்க வேண்டும். எதிரே இருந்தவர் நண்பர் என்றால், அந்நியர் என்றால் நேர்ந்ததைவிட அதிகத் தவறு நேர்ந்தது. தன் கண்ணுக்குத் தெரிவதே நண்பன் கண்ணுக்கும் தெரியும் என்று கை முந்திக்கொள்கிறது. அந்நியரிடம் ‘இவருக்கு இது தெரியுமோ’ என்று ஒரு கணம் நிற்போம்; நண்பரிடம் அந்தக் கணத்தை மிச்சம் பிடிக்கிறோம்.

மதத்தில் அந்த மறைந்த கட்டங்கள் மிக அதிகம். காந்தியின் சுயசரிதையில் வரும் துளசி மாலை அப்படிப்பட்டது. 1893-இல் பிரிட்டோரியாவில் அவருக்கு வாய்த்த நண்பர் கோட்ஸ், குவேக்கர் கிறிஸ்தவர், அன்பானவர். புத்தகம் புத்தகமாகக் கொடுத்தவர். ஒருநாள் காந்தியின் கழுத்தில் கிடந்த வைணவத் துளசி மணிமாலையைப் பார்த்து, உங்களைப் போன்றவருக்கு இந்த மூடநம்பிக்கை தகாது, கொடுங்கள், அறுத்துவிடுகிறேன் என்கிறார். அது அம்மா போட்டது என்று காந்தி மறுக்கிறார். மணிகளின் மகத்துவம் தமக்குத் தெரியாது. அணியாவிட்டால் கேடு வரும் என்றும் நினைக்கவில்லை. தானாகத் தேய்ந்து அறுந்தால் புதிதாக ஒன்று வாங்கும் எண்ணமும் இல்லை. ஆனால் பிள்ளை நன்றாயிருக்க வேண்டுமென்று தாய் அன்போடு போட்டதைக் காரணமில்லாமல் கழற்ற மாட்டேன் என்கிறார். கோட்ஸ் பார்த்தது ஒரு கோட்பாட்டை. அந்த இடத்தில் இருந்தது ஒரு தாய். திருநீறோ, சிலுவைச் சங்கிலியோ, முக்காடோ, புனித வெள்ளி விரதமோ, எதைப் பற்றிப் பேசினாலும் எதிரே இருப்பவர் நம்பிக்கையைப் பற்றித்தான் கேட்கிறார். சுமந்திருப்பவருக்கு அதில் பாட்டியின் கை, இறந்துபோன அப்பாவின் குரல், ஊர் விட்டு வந்தபோது கிடைத்த கடைசிப் பொருள் என்று வேறொன்று கலந்திருக்கும். ‘இதுக்கெல்லாம் அர்த்தம் இருக்கா?’ என்ற கேள்வி அந்தக் கலப்பின்மேல் போய் விழுகிறது.

இப்படியென்றால் நண்பர்கள் மதம் பேசவே கூடாதா? பேசலாம், மிகக் கடுமையாகவும் பேசலாம் என்பதற்கு இன்னொரு ஜெர்மானிய நட்பு சாட்சி. 1913 ஜூலையில் லைப்சிக் நகரில் ஓரிரவு முழுக்க யூதரான ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக்கும், யூதக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான ஒய்கன் ரோசன்ஷ்டாக்கும் பேசினார்கள். அந்த இரவின் தாக்கத்தில் ரோசன்ஸ்வைக் மதம் மாற முடிவு செய்தார். சில மாதம் கழித்து யூதராகவே இருப்பதென்று திரும்பினார். பிறகு 1916-இல், இருவரும் வெவ்வேறு போர்முனைகளில் இருந்தபடி எழுதிக்கொண்ட கடிதங்களில் ஒருவர் மதத்தை ஒருவர் விட்டுவைக்கவில்லை. லாவாட்டரின் உரையைவிடப் பல மடங்கு கடுமையான வார்த்தைகள். இருந்தும் பேச்சு அறுபடவில்லை. அது தனிக் கடிதம். யாரும் பார்வையாளர் இல்லை. இருவரும் படித்தவர்கள், ஒரே நாட்டுக் குடிமக்கள், ஒருவர் வெட்டினால் மற்றவர் அதே வேகத்தில் வெட்டலாம். பதிலால் யாருக்கும் வேலை போகாது, யார் வீட்டு ஜன்னலும் உடையாது. அவர்களுடைய பிள்ளைகள் காலத்து ஜெர்மனியில் அந்தச் சமத்துவம் இருந்திருக்காது என்பதை இன்று அந்தக் கடிதங்களைப் படிக்கும் யாராலும் மறக்க முடியாது.

நம் அலுவலகச் சாப்பாட்டு மேசைக்கு வருவோம். ‘உங்களைப் பார்த்தா முஸ்லிம்னே தெரியல’ என்பதைச் சொல்கிறவர் பாராட்டாகத்தான் சொல்கிறார். ‘எவ்வளவு நல்லாத் தமிழ் பேசுறீங்க’ என்று, தாயின் தாலாட்டே தமிழில் கேட்டு வளர்ந்தவரிடம் வியக்கிறவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. உமறுப் புலவர் தமிழில் சீறாப்புராணம் பாடி முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது என்பதை அங்கே யாரும் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்துவிட்டு எழுந்து கைகழுவப் போய்விடுவார்கள். ‘நீங்க பரம்பரைக் கிறிஸ்தவங்களா, இடையில மாறினவங்களா?’ என்ற கேள்விக்குள் சாதி விசாரணை ஒளிந்திருப்பது கேட்பவருக்கே தெரியாமலும் இருக்கலாம். பதில் சொல்ல வேண்டியவருக்குத் தெரியாமல் இருக்காது. ‘எல்லாச் சாமியும் ஒண்ணுதான்’ என்பதும் இதே வகை. ஒன்றே என்று நம்புகிறவருக்கு அது விரிந்த மனம். தன் கடவுளைத் தவிர வேறு கடவுள் இல்லை என்று நம்புகிறவருக்கோ, தன் நம்பிக்கையின் மையத்தையே ‘அட, விடுங்க’ என்று தள்ளிவிட்டதுபோல இருக்கும்.

பழனிக்குப் போய்வந்த தோழி டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் பஞ்சாமிர்தம் கொடுக்கிறாள். படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்று கற்றுக்கொண்ட சபையைச் சேர்ந்த ஒருத்தி ‘வேண்டாம்ப்பா’ என்கிறாள். கொடுத்தவளுக்கு முகம் சுண்டுகிறது. முருகனையே வேண்டாம் என்றதுபோல. சமாளிக்க அவளே சொல்கிறாள், ‘அட, இதுல என்ன இருக்கு, வெறும் வாழைப்பழமும் வெல்லமும்தானே!’ அந்தச் சொல்லில் காயம் இரட்டிப்பாகிறது. மறுத்தவளின் மறுப்பு அற்பமாகிவிட்டது. படியேறிப்போய் வாங்கிவந்த பிரசாதமும் வெறும் இனிப்பாகிவிட்டது. இருவருக்கும் புனிதமானது மேசையில் இருந்தது. உறவைக் காப்பாற்றுவதற்காக அதை இல்லை என்று ஆக்கிக்கொண்டார்கள். ‘உனக்கு இது பெரிய விஷயம்னு தெரியும், என்னால சாப்பிட முடியாது’ என்று ஒருத்தியும், ‘சரி, புரியுது’ என்று இன்னொருத்தியும் சொல்லியிருந்தால் முகச்சுளிப்பு இருந்திருக்கும், ஆனால் புனிதம் இரண்டு பக்கமும் அப்படியே நின்றிருக்கும். மருத்துவமனைப் படுக்கையருகே ‘அம்மாவுக்காக ஜெபம் பண்றோம்’ என்று கிறிஸ்தவ நண்பர் சொல்லும்போது பெரும்பாலானோர் நெகிழ்ந்து கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். ‘இயேசுகிட்ட வந்துட்டா எல்லாம் சரியாயிடும்’ என்று அடுத்த வாக்கியம் வந்தவுடன் முன்சொன்ன ஜெபத்துக்கு ஒரு விலை ஒட்டப்படுகிறது. நாத்திக நண்பரின் ‘இவ்வளவு படிச்சுட்டு இன்னுமா?’ என்பதும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை.

இவை எல்லாவற்றிலும் ஒரு மேசையில் யார் பெரும்பான்மை என்பது பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. நாலு பேர் சிரிக்கும்போது ஐந்தாமவர் ‘இது எனக்குப் பிடிக்கல’ என்று சொன்னால், மறுநாளிலிருந்து அவர் ‘எதுக்கெடுத்தாலும் கோவிச்சுக்கிற ஆள்’. ஆகவே அவர் சொல்வதில்லை. சொல்லாததால் காயம் இல்லை என்று மற்றவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். பல ஆண்டு நட்புகளில்கூட, எதைப் பேசுவது, எதைப் பேசாமல் விடுவது என்ற பாரத்தைச் சிறுபான்மை நண்பர் ஒருவரே சுமந்துகொண்டிருப்பது இப்படித்தான். எனவே, நண்பரைப் புண்படுத்தினோமா என்பதற்கு அவர் முகத்தைப் பார்ப்பது மட்டும் போதாது. அவர் மறுத்துப் பேசியிருக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். நம் மதத்தை, நம் சடங்கை, அவர் இதே அளவு வெளிப்படையாக விமர்சித்த நினைவு நமக்கு இருக்கிறதா? இல்லையென்றால் பேச்சு இதுவரை ஒருவழியாகவே ஓடியிருக்கிறது.

லாவாட்டர் 1775-இல் செய்ததுபோன்ற ஒரு செயலுக்கு நம் ஊரிலும் இடம் உண்டு. சென்னையில் ‘வெஜிடேரியன் ஒன்லி’ என்று பலகை மாட்டிய வீடுகளில் பெயரைக் கேட்டவுடன் ‘வீடு முடிஞ்சுருச்சு’ என்று போனை வைத்துவிடுகிற வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்படி வீடு தேடி அலையும் முஸ்லிம் நண்பரிடம், இந்திய மரபு எவ்வளவு சகிப்புத்தன்மை கொண்டது என்று இரவு பத்து மணிவரை டீ குடித்துக்கொண்டே விவாதிக்க நமக்கு நேரம் இருக்கிறது. நம் மாடியில் காலியாக இருக்கும் போர்ஷனின் சொந்தக்காரர் நமக்குப் பத்து வருஷப் பழக்கம். அவரிடம் இவரைக் கூட்டிக்கொண்டு போய், நான் பொறுப்பு என்று சொல்ல ஒரு மாலை நேரம் ஆகும். அதைச் செய்த பிறகு அந்த டீக்கடை விவாதத்தைத் தொடரலாம். அப்போது அவரும் குரலை உயர்த்திப் பேசுவார்.